கடையில் தோற்றது, வீட்டில் தோற்கவில்லை

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன், தம்பி, தங்கச்சிக்கும், மழை வரப்போகிறது என்று தெரிந்தும் எழும்பிப் போகாமல் கதிரைகளை நிறைத்து இருக்கும் மட்டக்களப்பு மக்களுக்கும் என் வணக்கம்.

"வீட்டில் இருந்து பார்க்க மனநிறைவு தருவது பழைய பிளாஸ்மா டிவியா, இன்றைய புதிய திரைகளா?" என்பது நமக்குத் தந்த தலைப்பு. எதிரணியில் மூன்று பேரும் பேசி முடித்துவிட்டார்கள். கரண்ட் பில் கூடும் என்றார் தங்கச்சி. பாரம், சூடு, அலைவரிசையின் சின்னம் திரையில் பதிந்துவிடும் என்றார் தம்பி. முழு எச்டியைவிட நாலு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே இல்லை, இன்டர்நெட் இல்லை, செய்த கொம்பனிகளே கைவிட்ட சாமான் என்று முடித்தார் அண்ணன். எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முதல் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரம் பேசினார்களே, படம் எப்படித் தெரியும் என்று யாராவது ஒரு வசனம் சொன்னார்களா? டிவியைப் பற்றிப் பேச வந்த மேடையில் படத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசினால் எப்படி, நடுவர் ஐயா? நான் படத்தில் இருந்தே தொடங்குகிறேன்.

களுவாஞ்சிகுடியில் எங்கள் பெரியம்மா வீட்டு ஹோலில் ஒரு 50 அங்குலப் பிளாஸ்மா இருக்கிறது. கட்டாரில் வேலை செய்த மகன் அனுப்பியது. கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தபோது, ஊரில் ஆடிய வடமோடிக் கூத்தின் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். கூத்து விடிய விடிய ஆடுவது. வட்டக்களரியில் வெளிச்சம், அதைத் தாண்டினால் கும்மிருட்டு. ராசா சுழன்று ஆடும்போது கரப்புடுப்பில் பதித்த கண்ணாடி வில்லைகள் ஒவ்வொன்றாக மின்னி மறைவது அந்தத் திரையில் தனித்தனியாகத் தெரிந்தது. களரிக்கு வெளியே நிற்கும் சனத்தின் தலைமயிரும் கறுப்பு, பின்னால் இருக்கும் இருட்டும் கறுப்பு. ஆனாலும் தலை எது, இருட்டு எது என்று கண் பிரித்துக்கொண்டது. மத்தளத்தின் வார் அழுத்துகிற இடத்தில் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் சட்டை மடிந்திருந்ததுகூட வடிவாகத் தெரிந்தது. அதே பதிவைக் கொண்டுவந்து என் வீட்டு எல்ஈடி டிவியில் போட்டுப் பார்த்தேன். இரவு சாம்பல் நிறமாக வெளுத்துப் போயிருந்தது. மூலைகளில் வெளிச்சம் கசிந்தது. சனத்தின் தலைகள் எல்லாம் ஒரே கறையாகச் சேர்ந்துவிட்டன. கூத்து அதேதான், ஆனால் இரவைக் காணவில்லை.

ஏன் இப்படி? பிளாஸ்மாத் திரை என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அடைத்த மிகச் சிறிய அறைகள். ஒவ்வொரு அறைக்குள்ளும் நியோன், செனோன் வாயுக்கள் இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் வாயு புறஊதாக் கதிரை விடும். அந்தக் கதிர் அறைச் சுவரில் பூசிய சிவப்பு, பச்சை, நீலப் பூச்சில் பட்டால் பூச்சு ஒளிரும். வீட்டு டியூப் லைட்டுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். முழு எச்டி பிளாஸ்மா ஒன்றில் 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு மூன்று அறை. கணக்குப் பார்த்தால் 62 இலட்சத்துக்கும் மேலே. இத்தனையும் தனித்தனியாக எரிந்து தனித்தனியாக அடங்குகின்றன.

எல்ஈடி என்று கடையில் விற்பது பெரும்பாலும் எல்சிடிதான். பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் எல்ஈடி. படம் ஓடும்வரை அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் உள்ள திரவப் படிகம் அதை மறைத்து இருட்டுக் காட்ட வேண்டும். விளக்கு எரியும் அறையின் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்கால் வெளிச்சம் வரும் இல்லையா? என் வீட்டுத் திரையில் நான் கண்ட சாம்பல் அதுதான். விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் புதிய டிவிகள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. அவற்றிலும் இருட்டில் ஒரு வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி மங்கல் வட்டம் தெரியும்.

பிளாஸ்மாவின் கறுப்பும் பூரணமானது இல்லை. அறைகளை ஆயத்தமாக வைத்திருக்க ஒரு மெல்லிய ஒளிர்வு அதற்குத் தேவைப்பட்டது. 2007இல் பயனியர் கொம்பனி கொண்டுவந்த குரோ என்ற பிளாஸ்மா வரிசை அந்த ஒளிர்வையும் பெரிதாகக் குறைத்துவிட்டது. இன்றைக்கும் உலகத்தில் பலர் அந்த டிவியை விற்காமல் வைத்திருப்பது சும்மா இல்லை.

அப்புறம் அசைவு. கிரிக்கெட் பார்க்காத வீடு இங்கே எத்தனை இருக்கும்? 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக மாலிங்க நாலு பந்தில் நாலு விக்கெட் எடுத்தாரே, அந்த மாதிரி யோக்கர்களை நினைத்துப் பாருங்கள். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து, ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் ஏறத்தாழ 78 சென்ரிமீற்றர் ஓடிவிடும். நம் நாட்டு ஒளிபரப்பு செக்கனுக்கு 50 தடவை படம் மாற்றுகிற முறை. எல்சிடி ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை அப்படியே பிடித்து வைத்திருக்கும். நம் கண்ணோ பந்தோடு ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் கண்ணில் நிற்கும் படம் இழுபட்டுத் தெரியும், பந்துக்கு வால் முளைக்கும். பிளாஸ்மா ஒரு படத்தைப் பல சின்னத் துடிப்புகளாகப் பிரித்து மின்னி அடங்குகிறது. பெட்டியில் 600 ஹேர்ட்ஸ் என்று அச்சடித்திருந்தது இதைத்தான். அதனால் பந்து பந்தாகவே வரும். புதிய டிவிகளில் இந்தக் குறையை மறைக்க, நடுவே இல்லாத படங்களைத் தானாகவே உண்டாக்கிச் சொருகும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுச் சினிமா பாருங்கள். நல்ல படமும் மலிவான நாடகம் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த வசதி கடையில் இருந்து வரும்போதே போட்டபடி வருவதால், பல வீடுகளில் அது ஓடுவதே யாருக்கும் தெரியாது.

"ஓஎல்இடி இருக்கிறதே" என்று அண்ணன் நடுவில் எழும்பிக் கேட்டார். இருக்கிறது. கறுப்பில் அது பிளாஸ்மாவையும் மிஞ்சும், மனமாரச் சொல்கிறேன். ஆனால் அதன் வேலைமுறையைப் பாருங்கள்: பின்விளக்கு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுகிறது. நான் இவ்வளவு நேரம் எதைச் சொல்கிறேனோ அதேதான்! எதிரணியின் ஆக நல்ல திரை, பிளாஸ்மா போன வழியில் போகிற திரை. அசைவில் அதுவும் படத்தைப் பிடித்து வைக்கிறது. ஒரே படத்தை நெடுநேரம் விட்டால் அதிலும் பதியும். தம்பி, சின்னம் பதியும் குற்றத்தைப் பிளாஸ்மாவின் தலையில் மட்டும் போட்டீர்கள், அதில் பாதியை அண்ணனின் ஓஎல்இடிக்கும் கொடுங்கள்.

அப்படியென்றால் பிளாஸ்மா ஏன் மறைந்தது? இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எங்கள் டவுன் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். கூரை முழுக்க வெள்ளை லைட், கண்ணாடிக் கதவு, வெயில். அந்த வெளிச்சத்துக்குள் சுவரில் இருபது டிவி. பளிச்சென்று எரிவது எதுவோ அதுவே நல்லதாகத் தெரியும். எல்சிடி பளிச்சென்று எரியும். பிளாஸ்மாவின் கண்ணாடியில் கடை லைட் பட்டுத் தெறிக்கும், படம் மங்கலாகத் தோன்றும். வாங்க வந்த மனிசன் ஐந்து நிமிடம் நின்று பார்த்து, பளிச்சென்று இருப்பதைத் தூக்கிக்கொண்டு போவார். இரவில் ஹோல் லைட்டை நூர்த்துவிட்டுப் பார்க்கும் ஒரு டிவியை நடுப்பகலில் கடைக்குள் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். எங்கள் கட்சிக்காரர் தோற்றது அந்தக் கடையில்தான். வீட்டில் அது தோற்கவே இல்லை.

வேறு காரணங்களும் உண்டு. எல்சிடி கைபேசி, கணினி என்று எங்கும் போனதால் தொழிற்சாலைகள் பெருகி விலை விழுந்தது. பிளாஸ்மா அறைகளைச் சின்னதாக்கினால் ஒளி குறையும், அதனால் 4கே செய்வது கஷ்டம். பயனியர் 2009இல் டிவி செய்வதை விடுவதாக அறிவித்தது. பனசோனிக் 2013 கடைசியோடு பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சாம்சுங்கும் எல்ஜியும் 2014இல் நிறுத்தின. கைவிட்ட சாமான் என்றார் அண்ணன். உண்மை, விற்பனைக் கணக்குப் பார்த்துக் கைவிட்டார்கள். 1964இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லொட்டோ, ரொபேர்ட் வில்சன் என்ற மூன்று பேர் இதைக் கண்டுபிடித்தது, மாணவர்களுக்குக் கணினி மூலம் பாடம் நடத்தும் திட்டம் ஒன்றுக்காக. அங்கே தொடங்கி ஐம்பது வருடம் மெருகேற்றிய வேலை அது. நிறுத்தும்போது அது கெட்டுப்போன நிலையில் இருக்கவில்லை, தன் உச்சத்தில் இருந்தது.

சரி, தங்கச்சியின் கரண்ட் பில்லுக்கு வருகிறேன். அது நியாயமான வாதம், தட்டிக்கழிக்க மாட்டேன். 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டியதையும், அதற்குப் பிறகு கட்டணம் ஏறியதையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். 50 அங்குலப் பிளாஸ்மா 250 வாட் எடுக்கும் என்று வையுங்கள். நாளுக்கு நாலு மணித்தியாலம் பார்த்தால் ஒரு யூனிட், மாதம் 30 யூனிட். அதே அளவு எல்ஈடிக்கு 100 வாட் என்றால் மாதம் 12 யூனிட். வித்தியாசம் 18 யூனிட். இந்தப் 18 யூனிட் உங்களை அடுத்த கட்டணப் படிக்கு ஏற்றிவிட்டால் நோகும், தெரியும். ஆனால் ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். பிளாஸ்மா காட்டுகிற படத்துக்கு ஏற்றபடிதான் மின்சாரம் எடுக்கும், இருட்டுக் காட்சியில் குறையும். வீட்டில் நாள் முழுக்க ஆள் இல்லாமல் ஓடும் டிவிக்குப் பிளாஸ்மா வேண்டாம், நானே சொல்கிறேன். இரவுச் செய்தி, ஒரு மெட்ச், வெள்ளிக்கிழமை ஒரு படம் என்று இருந்து பார்க்கும் வீட்டில், அந்த மாத வித்தியாசத்தையும் புதிய டிவியின் விலையையும் ஒரே கடதாசியில் எழுதிப் பாருங்கள். நன்றாக ஓடுகிற ஒன்றை இறக்கிவிட்டுப் புதியது வாங்கினால், அந்த விலையைப் பில்லில் மிச்சம் பிடிக்க எத்தனை வருடம் போகும் என்று தெரியும்.

4கே பற்றி அண்ணன் பெரிதாகச் சொன்னார். 50 அங்குல முழு எச்டித் திரையில் ஒரு புள்ளியின் அகலம் 0.58 மில்லிமீற்றர். நல்ல பார்வை உள்ள ஒருவர் இரண்டு மீற்றருக்கு அப்பால் போனால் அந்தப் புள்ளிகளைப் பிரித்துக் காண முடியாது. எங்கள் வீடுகளில் டிவிக்கும் கதிரைக்கும் இடையே ஆறரை அடிக்குக் குறைவாகவா இருக்கிறது? பத்தடி தள்ளி இருந்து பார்ப்பவருக்கு 4கேயின் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்கு எட்டாது. கறுப்பும் அசைவும் பத்தடியிலும் எட்டும். இன்டர்நெட் வேண்டுமா? பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது, ஒரு சின்னப் பெட்டியைக் கொளுவுங்கள். நாலு வருடத்தில் அது பழசானால் பெட்டியை மட்டும் மாற்றலாம். ஸ்மார்ட் டிவிக்குள் இருக்கும் செயலிகள் பழசானால் எதை மாற்றுவீர்கள்?

பாரம்தான். தூக்க இரண்டு ஆள் வேண்டும், சூடும் வரும், காதை வைத்துக் கேட்டால் ஒரு மெல்லிய உறுமலும் கேட்கும். இவற்றோடு சேர்த்துத்தான் பெரியம்மா வீட்டில் அதை நேசிக்கிறார்கள். பனசோனிக் தன் பிந்திய திரைகளின் ஒளி பாதியாகக் குறைய 100,000 மணித்தியாலம் ஆகும் என்று சொன்னது. நாளுக்கு எட்டு மணித்தியாலம் பார்த்தாலும் 34 வருடம். திரை கிழடாவதற்கு முதல் பழுதாவது பெரும்பாலும் பின்னால் உள்ள பவர் போர்ட், அறைகளை எரியவைக்கும் சஸ்டெயின் போர்ட், உப்பிப்போன கப்பாசிட்டர்கள். எங்கள் கடற்காற்றில் போர்டில் உப்புப் பூப்பதும் உண்டு. இவை திருத்தக் கூடியவை. புதிய போர்ட் இப்போது கிடைப்பது அரிது, பழுதான இன்னொரு டிவியில் இருந்து கழற்றித்தான் போட வேண்டும்.

அதனால் நடுவர் ஐயாவிடம் தீர்ப்புக் கேட்பதற்கு முதல் சபையிடம் ஒன்று கேட்கிறேன். காத்தான்குடியில், ஆரையம்பதியில், ஏறாவூரில், கல்முனையில் எந்த வீட்டிலாவது ஓடாத பிளாஸ்மா ஒன்று அலுமாரிக்குப் பின்னால் சாத்தி இருந்தால், பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காதீர்கள். டிவி திருத்துபவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். திருத்த முடியாது என்றால் அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். அதன் போர்ட் இன்னொரு வீட்டுப் பிளாஸ்மாவை ஓடவைக்கும்.

நடுவர் ஐயா, தீர்ப்புச் சொல்வதற்கு முதல் உங்கள் வீட்டில் இரவுக் காட்சி உள்ள ஒரு படத்தை லைட்டை நூர்த்துவிட்டுப் பார்க்க அவகாசம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் களுவாஞ்சிகுடிக்கு வாருங்கள், பெரியம்மா கதிரை போட்டுத் தருவா. எங்கள் அணிக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.