ஓடியாடும் பிள்ளையின் குதிகால் வலி

நேயர்களுக்கு வணக்கம். விளையாடிவிட்டு வரும் பிள்ளை, குதிகாலைத் தரையில் ஊன்றாமல் முன்பாதத்தை மட்டும் வைத்துத் தத்தித் தத்தி நடப்பதைப் பெற்றோர் சிலர் கவனித்திருப்பீர்கள். சிறிது நேரம் உட்கார்ந்ததும் வலி தணிந்துவிடும். மறுநாள் ஓடினால் மீண்டும் தலைகாட்டும். இப்படி வந்து வந்து போவதாலேயே, பிள்ளை சாக்குச் சொல்கிறது என்று பெரியவர்கள் எண்ணிவிடுகிறார்கள். வலியை மெய்யென்று சொல்லிச் சொல்லி, நம்புவார் இல்லாமல் அழும் பிள்ளைகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த வலி உண்மையானது, அதற்குத் தெளிவான காரணமும் உண்டு.

வளரும் வயதில் குதிகால் எலும்பின் பின்பகுதி முழுமையாக இறுகியிருக்காது. அங்கே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கும். கால் எலும்புகள் விரைவாக நீளும்போது கெண்டைக்கால் தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் விறைத்துக்கொள்ள, அதன் தசைநாண் மேலிருந்தும், உள்ளங்காலின் தசைநார் கீழிருந்தும் அந்த மென்மையான இடத்தையே இழுக்கின்றன. போதாக்குறைக்கு, ஒவ்வொரு குதிப்பிலும் தரையின் அதிர்ச்சியும் அதன்மேல்தான் இறங்குகிறது. ஜேம்ஸ் வாரன் செவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1912-இல் இதை விவரித்ததால், ‘செவர் நோய்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நோய் என்ற சொல் இங்கே தேவையில்லாமல் பயமுறுத்துகிறது என்பது என் கருத்து. பெரும்பாலும் 8 முதல் 14 வயதுக்குள் வரும் இந்த வலி, அந்தத் தட்டு எலும்போடு இணைந்ததும் நிலையான பாதிப்பு எதையும் விட்டுவைக்காமல் மறைந்துவிடும்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, குதிகாலின் பின்பகுதியை இரு பக்கமும் விரல்களால் பிடித்து மெல்ல அழுத்துங்கள். வலி அங்கேதான் என்றால் பிள்ளை வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்ளும். வெளியே வீக்கமோ சிவப்போ பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே படத்திலும் பல நேரங்களில் எதுவும் புலப்படாது. அதை வைத்து வலியே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

விளையாட்டை அடியோடு நிறுத்தவேண்டுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நொண்டும் அளவுக்கு வலி இருந்தால் சில நாட்கள் ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். நீச்சலோ சைக்கிளோ இருக்கட்டும். ஆட்டத்தின்போது லேசாக வலித்து, சிறிது நேர ஓய்விலேயே அடங்கிவிடுகிறது என்றால், நேரத்தைக் குறைத்து, இடையிடையே ஒருநாள் விட்டு ஆடவிடலாம். விளையாடி வந்ததும் துணியில் சுற்றிய பனிக்கட்டியால் 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். வீட்டுக்குள்ளும் கடினமான தரையில் வெறுங்காலோடு நடக்கவிடாமல், மெத்தென்ற அடிப்பாகமும் சற்று உயர்ந்த குதியும் உள்ள செருப்பை அணியச் செய்யுங்கள். ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்கும் பட்டையை இரு கால்களுக்கும் வைக்கவேண்டும். தேய்ந்த ஷூவில் அதை வைத்துப் பெரிய பயனில்லை. மாத்திரை மருத்துவர் சொன்னால் மட்டும் போதும். ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்யவேண்டும். சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, அதன் முழங்காலை மடக்காமல், குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னே சாய்ந்து 30 விநாடி நிற்கச் சொல்லுங்கள். தசை இழுபடுவது தெரியவேண்டும், குதிகால் வலிக்கக் கூடாது. வலித்தால் சாய்வைக் குறைக்கவேண்டும்.

காய்ச்சல், வீக்கம், சிவப்பு, தூக்கத்தைக் கலைக்கும் வலி, கீழே விழுந்தபின் காலையே ஊன்ற முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாத பிள்ளை, வலித்த ஒற்றைக் காலால் வலியின்றிக் குதிக்க முடிகிற நாளில் மீண்டும் ஓடத் தொடங்கலாம். முதல் வாரம் மட்டும் வழக்கமான நேரத்தில் பாதி போதும்.