தாதாயிசம் யாரைக் கேலி செய்தது?

நண்பர்களே, வணக்கம். தாதாயிசம், முதல் உலகப் போர்க் காலத்தில் எழுந்த கலகக் கலை இயக்கம். அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு, பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம் கண்காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்க் கோப்பைதான் நினைவுக்கு வரும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் 1914 அக்டோபருக்குப் போவோம்.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ஜெர்மன் படை பெல்ஜியத்தில் புகுந்து லூவேன் பல்கலைக்கழக நூலகத்தை எரித்திருந்தது. அந்தப் படைக்கு ஆதரவாக ஓர் அறிக்கை வருகிறது. கையெழுத்திட்டவர்கள் ஜெர்மன் அறிஞர்களும் கலைஞர்களுமாக 93 பேர். சாதாரண ஆட்களா? எக்ஸ்ரே கண்ட ரான்ட்ஜன், இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க், நோபல் பரிசு பெற்ற நாடகாசிரியர் ஹாப்ட்மன்! கவிஞர் கோத்தே, இசைமேதை பேத்தோவன், தத்துவவாதி காண்ட் மூவரின் பெயரும் அதில் சாட்சிக்கு இழுக்கப்பட்டிருந்தது.

தாதாயிஸ்டுகளின் கோபம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பீரங்கிக்கு வக்காலத்து வாங்கியது உயர்ந்த கலாச்சாரம். அப்படியானால் அந்தக் கலாச்சாரத்தின் மொழியையே எதற்கு நம்ப வேண்டும்?

ஜெர்மன் எழுத்தாளர் ஹியூகோ பால், போர் தொடங்கியதும் படையில் சேரப் போனவர்தான். உடல்நிலையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெல்ஜியம் போய்ப் போரை நேரில் பார்த்தவர், மனம் மாறி, பாடகி எம்மி ஹென்னிங்ஸுடன் சுவிட்சர்லாந்தின் சூரிச்சுக்குப் போனார். 1916 பிப்ரவரி 5 அன்று இருவரும் அங்கே 'காபரே வோல்டேர்' என்ற சிறு அரங்கைத் திறந்தார்கள். தாதாயிசம் பிறந்தது அங்கேதான். அதே மாதம் பிரான்சில் வெர்தூன் போர் தொடங்கியது. ருமேனியாவின் கவிஞர் ட்ரிஸ்டன் ஸாரா, ஓவியர் மார்செல் யாங்கோ, அல்சேஸ் பகுதியின் கலைஞர் ஹான்ஸ் ஆர்ப் எல்லாரும் அரங்கில் வந்து சேர்ந்தார்கள். (அதே தெருவில் சில வீடுகள் தள்ளி லெனின் குடியிருந்தார்!)

ஜூனில் ஒரு நாள் ஹியூகோ பால், அட்டைக் குழாய்களுக்குள் கால்களை நுழைத்து, தலையில் நெட்டைத் தொப்பியோடு நின்றார். நடக்க முடியாததால் மேடைக்குத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். "காட்ஜி பெரி பிம்பா" என்று ஆரம்பித்தார். எந்த மொழியும் இல்லை, வெறும் ஒலி. போக்கிரித்தனம் என்று தோன்றலாம். ஆனால் 93 பேரின் அழகான உரைநடையைப் படித்தவருக்கு அப்படித் தோன்றாது.

சரி, கோப்பை. 1917 நியூயார்க்கில், பணம் கட்டிய எவரும் காட்சிக்கு வைக்கலாம் என்ற கலைஞர் சங்கம், அந்தக் கோப்பையை மட்டும் வைக்க மறுத்தது. அசல் தொலைந்துபோனது, இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை நகல்கள். பாதுகாப்புக்குக் காவலர் வேறு!

எனக்குப் பெர்லின் தாதாயிஸ்டுகள்தான் பிடிக்கும். 1920 கண்காட்சியில், ராணுவ அதிகாரி சீருடை போட்ட பன்றித்தலைப் பொம்மையைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். ராணுவத்தை அவமதித்ததாக வழக்கு. ஓவியர் ஜார்ஜ் கிராஸுக்கும் பதிப்பாளர் ஹெர்ஸ்ஃபெல்டேவுக்கும் அபராதம் விதித்தது நீதிமன்றம்.