மும்பைக் கடலைப் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

[காட்சி: கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையம், காலை]

வணக்கம். ஊரிலிருந்து மாட்டுங்காவுக்கு வரும் உறவினர்கள், பெட்டியை வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கடலுக்கு எப்போது போகலாம்?" என்பதுதான். சென்னையிலோ தூத்துக்குடியிலோ வளர்ந்தவர்களுக்கு அது வெயில் தாழ்ந்ததும் கிளம்புகிற விஷயம். மும்பையில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல, அன்றைய ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறும், வற்றும் நேரங்களின் பட்டியலைப் பார்த்தாக வேண்டும்.

சென்னைக் கரையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான வேறுபாடு சுமார் 1 மீட்டர்தான். மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது 4 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. இந்த நகரத்துக்கு எதிரே கடலடி மிக அகலமாகவும் ஆழம் குறைந்தும் விரிந்து கிடப்பதால், உள்ளே வரும் ஓதம் கரையை நெருங்க நெருங்க உயர்கிறது. மராத்தியில் 'பர்த்தி' எனப்படும் இந்த ஏற்றம் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை வரும். ஆகவே இன்று காலை 9 மணிக்கு வந்த ஏற்றத்தை நாளை 9.50 வாக்கில்தான் எதிர்பார்க்க வேண்டும்.

[காட்சி: சிவ்ரி சேற்றுப் பரப்பு]

இதை அறியாத காலத்தில், பூநாரைகளைக் காட்ட அத்தை குடும்பத்தைச் சிவ்ரிக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். கடல் முழுவதும் வற்றியிருந்ததால், பூநாரைகள் வெகுதொலைவில் ஓர் இளஞ்சிவப்புக் கோடாக மட்டுமே தெரிந்தன. அத்தை ஏமாற்றத்தோடு திரும்பியது இன்னும் மனதில் இருக்கிறது. முழு ஏற்றத்துக்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாகப் போயிருந்தால், ஏறிவரும் நீர் அந்தப் பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்திருக்கும்.

சிவ்ரி, கிங்ஸ் சர்க்கிளிலிருந்து இரண்டாவது நிறுத்தம். நவம்பர் முதல் மே வரை பறவைகளைக் காணலாம். அருகில் வந்த ஒரு பூநாரையைப் பொறுமையாகக் கவனியுங்கள். கால்களால் சேற்றைக் கிளறிவிட்டு, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்று நீரை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகள் சல்லடைபோல நின்று பாசியையும் சிற்றுயிர்களையும் பிடித்து வைக்கின்றன. அந்த உணவிலுள்ள நிறமிதான் சிறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. 2024இல் திறக்கப்பட்ட, 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது என்ற கடற்பாலம் தொடங்குவதும் இங்கேதான். பாலம் எவ்வளவு பெரிதானாலும் இந்தச் சேறும் அலையாத்திக் காடும் அழியாமல் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலி தர்காவுக்குப் போவோரும் இதே அட்டவணையைப் பார்ப்பது நல்லது. ஏற்றத்தின்போது நடைபாதையைக் கடல் மூடிவிடும்.

[காட்சி: மரைன் டிரைவ், மாலை]

கடலோரச் சாலையான மரைன் டிரைவுக்கு மட்டும் சூரியனைக் கணக்கில் கொண்டு போகலாம். கிழக்குக் கரையில் கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்தே பழகியவர்களுக்கு, அது கடலுக்குள் இறங்கும் காட்சி புதிது. சுவருக்கு அப்பால் கிடக்கும் நாற்கால் கான்கிரீட் கட்டைகளின் மேல் தயவுசெய்து இறங்காதீர்கள். அவை வழுக்கும், பெரிய அலை எப்போது வந்து அடிக்கும் என்பது தெரியாது.

[காட்சி: போரிவலி, காட்டின் நுழைவாயில்]

அடுத்த நாளைக் காட்டுக்கு ஒதுக்குங்கள். ஏறக்குறைய 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, சிறுத்தைகள் நடமாடும் காடாக, நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை என்பதால் அன்று போக வேண்டாம். நுழைவாயிலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, எரிமலைப் பாறையில் பௌத்தத் துறவிகளுக்காகக் குடையப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள் உள்ளன. பெரும்பாலோர் மூன்றாவது குகையிலுள்ள தூண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் காட்ட விரும்புவது குகை வாசல்களை ஒட்டி வெட்டப்பட்ட தொட்டிகளை: மழைநீர் பாறையில் செதுக்கிய வாய்க்கால் வழியாக இறங்கி அவற்றில் சேரும், வெயில் காலத்துக்கு அதுவே துறவிகளின் குடிநீர். கருத்த இந்தக் குன்றுக்குக் கன்ஹேரி என்று பெயர். அது கிருஷ்ணகிரி என்ற சொல்லிலிருந்து வந்தது.