இந்திரி பாடுது, நைட்டிங்கேல் பாடுது, தாளம் ஒண்ணுதான்

ஹாய் மக்களே, நேத்து ராத்திரி ஒரு ஆடியோவ ஸ்பீக்கர்ல போட்டேன், அம்மா ஓடி வந்து எந்த வீட்டுக்குடா ஆம்புலன்ஸ் வந்திருக்குன்னு கேக்குறாங்க. அவங்க மேல தப்பில்ல, சத்தம் அப்படி. இந்திரின்னு ஒரு லீமர், குரங்குக்கும் நமக்கும் தூரத்துச் சொந்தம், மடகாஸ்கரோட கிழக்குப் பக்க மழைக்காட்டுல மட்டும்தான் இருக்கு, கருப்பு வெள்ளையா, வால் இருக்கா இல்லையான்னே தெரியாது, குடும்பமா மரத்துல உக்காந்து பாடும், ரெண்டு கிலோமீட்டர் தள்ளியும் கேக்கும்.

இதுக்குப் பக்கத்துல நான் வைக்கப்போறது த்ரஷ் நைட்டிங்கேல்னு ஒரு சின்னப் பறவை. 25 கிராம் தேறினா பெருசு. கிழக்கு ஐரோப்பாப் பக்கம் புதருக்குள்ள ராத்திரியெல்லாம் பாடும், குளிருக்கு ஆப்பிரிக்கா போயிடும், எண்ணிக்கைக்குப் பஞ்சமே இல்ல.

இப்போ டேபிள்ல தட்டுறேன், கேளுங்க. டக், டக், டக், டக். எல்லா இடைவெளியும் சமம், இது 1:1. அடுத்தது, டக்டக்... டக்டக்... டக்டக்... கிட்ட ஒரு இடைவெளி, அடுத்தது அதுல ரெண்டு மடங்கு, இது 1:2. இந்த ரெண்டு தாளமுமே இந்திரி பாட்டுல இருக்குன்னு 2021-ல ஆராய்ச்சியாளர்கள் சொன்னாங்க, சும்மா காதால கேட்டுட்டு இல்லங்க, 12 வருஷமா காட்டுல ரெக்கார்ட் பண்ணி, 20 குடும்பம், 39 இந்திரி. ஆண் ஒரு வேகம், பெண் ஒரு வேகம், ஆனா தாளம் மாறல! அதுக்கு முந்தின வருஷமே நைட்டிங்கேல் பாட்டையும் அளந்திருந்தாங்க, அங்கயும் இந்த 1:1 தான் தூக்கலா இருக்கு.

பறவை வம்சமும் நம்ம வம்சமும் பிரிஞ்சு 30 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால அங்க இருந்து இங்க வந்த தாளம்னு சொல்ல முடியாது, தனித்தனியா வந்திருக்கணும். எனக்கு இதுதான் மண்டைய குடையுது.

குடையற இந்தக் கேள்விக்கு விடை தேடணும்னா இந்திரி இருக்கணுமே. மடகாஸ்கரோட மலகாசி மக்கள் அதை பாபகூத்துன்னு கூப்பிடுவாங்க, கொல்லக்கூடாதுன்னு ஊர்க்கட்டுப்பாடே உண்டு, அதையும் மீறி வேட்டை நடக்குது, காட்ட எரிச்சு நெல்லு போடுறாங்க, கரிக்கு மரம் வெட்டுறாங்க. குட்டியோ ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒண்ணு. ஜூல வெச்சா பிழைக்கறதும் இல்ல.

சரி, இந்திரி ஆடியோ போடுறேன், ஹெட்போன் மாட்டிக்கோங்க. ஒவ்வொரு வரி முடியறப்பவும் லேசா வேகத்தக் குறைக்கும், அதை மட்டும் புடிங்க.