வைத்தியம் இலவசம், வழிச்செலவு யாருடையது?

(மட்டக்களப்பில் மருத்துவத் தொண்டு அமைப்பொன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, வைத்தியர்களே, தாதியர்களே, குடும்பநல உத்தியோகத்தர்களே, கிராமங்களிலிருந்து வந்திருக்கும் தொண்டர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அரசாங்க வைத்தியசாலையின் வாசலுக்கு வந்துவிட்ட நோயாளியிடம் இந்த நாட்டில் எவரும் கட்டணம் கேட்பதில்லை. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் தனிச் சுகாதாரக் குழுவை அமர்த்தும் சுகாதாரப் பிரிவு முறை 1926ஆம் ஆண்டு களுத்துறையில் தொடங்கி நாடெங்கும் பரவி, ஊர் மருத்துவிச்சியான குடும்பநல உத்தியோகத்தரைக் கர்ப்பிணித் தாயின் வீட்டுக்கே அனுப்பிவைத்தது. மலேரியா ஒழிந்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. இவ்வளவும் இருக்கையில் தொண்டு நிறுவனத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்ல முடியாத நிறுவனம் பிறர் கொடுத்த பணத்தில் ஒரு ரூபாயும் செலவழிக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

விடையைத் தேட மட்டக்களப்பு வாவியைக் கடந்து, அதன் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போகவேண்டும். வெல்லாவெளிக்கும் கரடியனாற்றுக்கும் அப்பால், வயலோரத்தில் குடியிருந்து நாட்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவருக்கு நீரிழிவு. மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வரவேண்டும். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டுமென்பதால் விடியுமுன் புறப்பட்டு, பஸ் வரும் வீதிவரை நடந்து, இலக்கம் எடுத்து, மருந்து வாங்கி வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். மருந்துக்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அன்றைய கூலி போயிற்று, பஸ் காசு போயிற்று, வீட்டில் விட்டுவந்த பிள்ளையை அயலவரிடம் ஒப்படைத்த நன்றிக்கடனும் ஏறிற்று. அறுவடைக் காலத்தில் ஒரு மாதம் வராமல் விடுவார். அடுத்த மாதம் ஏச்சு விழுமே என்ற பயத்தில் வரமாட்டார். காலில் புண் வந்து, அது அழுகத் தொடங்கிய பிறகே வைத்தியசாலை அவரை மீண்டும் காணும். அக்கறையில்லாத நோயாளி என்று அவரைப் பற்றிச் சொல்லப்படுவதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. ஒரு நாள் கூலிக்கும் ஒரு மாத மருந்துக்கும் இடையில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி நாம்தான் அவரை நிறுத்தியிருக்கிறோம்.

மண்டூர்ப் பக்கத்தவர்கள் குருமண்வெளிக்குப் படகுப் பாதையில் கடந்து, அங்கிருந்து களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போவது நெடுங்கால வழக்கம். மாரி மழையில் அந்தப் பயணம் எப்படியிருக்கும் என்பதை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அவசர அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நமது கிழக்கு மாகாணத்துக்கும் வந்தது; அது பெரும் உதவி. மாதாந்தக் கிளினிக்குப் பயணத்துக்கு அம்புலன்ஸ் வராது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இடம்பெயர்ந்தவரின் நிலை இதைவிடக் கடினமானது. 1990இல் போரினால் இந்த மாவட்டத்தில் ஊர்கள் வெறிச்சோடின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாகக் கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். கல்முனை, மருதமுனை, காரைதீவு என்று கரையோரம் முழுவதும் எஞ்சியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்கினர். 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் மாவட்டத்தின் வடக்கேயுள்ள வாகரை மக்கள் போருக்குத் தப்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முகாம்களுக்கு வைத்தியர் வந்தார், மருந்தும் வந்தது. ஆனால் நோயையும் மருந்தையும் எழுதிவைத்த கிளினிக் கொப்பி வரவில்லை. பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி போடப்பட்டது என்பதற்கான பதிவு வரவில்லை. காசநோய்க்கு எத்தனை மாதம் மருந்து குடித்தார் என்பதைச் சொல்லும் அட்டை வரவில்லை. அவரை நன்கறிந்த குடும்பநல உத்தியோகத்தரே வேறொரு முகாமில் அகதியாக இருந்தார். வைத்தியம் என்பது தொடர்ச்சி. இடம்பெயர்வு முதலில் அறுப்பது அந்தத் தொடர்ச்சியைத்தான்.

தொழுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். நமது வாவியின் நடுவே மாந்தீவில் அந்நோயாளர்களை ஊரிலிருந்து பிரித்து வைத்த காலம் ஒன்றிருந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இன்று அந்நோய் முழுமையாகக் குணமாகிறது, மருந்து இலவசம், சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றாத நிலை ஏற்படுகிறது. 1995இல் தேசிய மட்டத்தில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே அதைக் கொண்டுவந்தோம். இருந்தும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் புதிய நோயாளர்கள் இன்னும் அடையாளம் காணப்படுகிறார்கள். கிருமி உடலில் நுழைந்து அறிகுறி வெளிப்படச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகும். சிலரில் இருபது ஆண்டுகளும் ஆகலாம். அதற்குள் ஒரு குடும்பம் மூன்று ஊர் மாறியிருந்தால், தொற்று யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று எப்படித் தேடுவது? உணர்ச்சியற்ற தேமல் வலிப்பதில்லை. ஆகவே அதைக் காட்ட எவரும் கூலியை இழந்து பஸ் ஏறமாட்டார்கள். வீடு தேடிப் போய், முகம் பார்த்துப் பேசி, கூச்சத்தைப் போக்கி, முதுகையும் கையையும் பார்க்கக்கூடிய ஒருவர் வேண்டும். அந்த ஊரிலேயே பிறந்த பயிற்சி பெற்ற தொண்டர் செய்யக்கூடிய வேலை இது. தொண்டு நிறுவனத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

மனக்காயங்களையும் இப்படித்தான் அணுகவேண்டும். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக இருத்தி, களிமண்ணும் வண்ணமும் கதையும் கொடுத்தது. அங்கே பெரிய கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை. பொறுமையுள்ள பெரியவர்கள் தேவைப்பட்டார்கள்.

உதவுவோரிடமும் ஒரு வார்த்தை. சுனாமிக்குப் பின் கேட்காத மருந்துகளும் வந்து குவிந்தன. அவற்றைத் தரம் பிரிக்கவே ஆட்கள் தேவைப்பட்டார்கள். வந்துசேரும்போது காலாவதியாகக் குறைந்தது ஓராண்டு மீதமிருக்க வேண்டும், பெறுபவர் கேட்ட மருந்தாக இருக்க வேண்டும் என்ற நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே வெளியிட்டிருந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடியால் மருந்தகங்கள் வெறுமையானபோது, வைத்தியசாலை கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அனுப்பிய உறவுகளின் பொதிகளே உடனடியாக நோயாளியைச் சென்றடைந்தன. புலம்பெயர்ந்த அன்பர்கள் தங்கள் பெற்றோரின் பெயரால் கட்டடம் எழுப்ப விரும்புவது எனக்குப் புரிகிறது, அந்த அன்பை மதிக்கிறேன். ஆயினும் பரிசோதனை செய்பவரும் இரசாயனமும் இல்லாத ஆய்வுகூடம் பூட்டியே கிடக்கும்.

எனவே இன்று நீங்கள் நிறைவேற்றவிருக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் மூன்று செலவுகளை மற்றெல்லாவற்றுக்கும் முன்னால் வைக்குமாறு கேட்கிறேன்: படுவான்கரை நோயாளர்களின் கிளினிக்குப் பயணம், ஊர்த் தொண்டர்களின் பயிற்சியும் மாதக் கொடுப்பனவும், வெள்ளத்திலும் நனையாத உறையில் ஒவ்வொரு குடும்பத்தின் கிளினிக் கொப்பியும் அதன் பிரதியும். பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியோடு இருந்து பேசி, அவருடைய திட்டத்துக்குள்ளேயே இவற்றைச் சேருங்கள். கட்டட நிதிக்கென்று ஒதுக்கியதை அடுத்த ஆண்டுவரை ஒத்திவைக்க முடியுமா என்பதை இந்தச் சபையே இன்று வாக்கெடுத்துத் தீர்மானிக்கட்டும்.