கரையில இருத்தின மனிசன்

நடுவர் ஐயா, சபையோரே, திருகோணமலையில, இந்தக் கோணேசர் மண்ணில கூடியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். ஏழு நிமிஷந்தான் தந்திருக்கினம், நேரே விஷயத்துக்கு வாறன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் ஹொக்கியில இந்தியப் பின்கள வீரர் அமித் ரோஹிதாஸ் அணியைத் தாங்கினவரா, தவிக்க விட்டவரா? இதுதான் தலைப்பு. தாங்கினவர் எண்டு சொல்ல வந்தனான் நான். அதே பின்களத்தில நிண்டு பத்துக் கோல் அடிச்ச ஹர்மன்பிரீத் சிங்கைப் பற்றிப் பேச ஊரே இருக்கு. ரோஹிதாசுக்குப் பேச ஆள் வேணும்.

எனக்கு முன்னம் பேசின எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார், நீங்களும் கை தட்டினீங்கள். "பிரிட்டனோட நடந்த காலிறுதியில, 17-ஆவது நிமிஷம் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியில போனார். மிச்சப் பத்துப் பேரும் 43 நிமிஷம் நிண்டு பிடிச்சு, ஷூட் அவுட்டில 4-2 எண்டு வெண்டவை. அவர் இல்லாமலே வெல்லலாம் எண்டால், அவர் எதுக்கு?" இதுதான் கேள்வி. இதுக்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கமாட்டன்.

தம்பி, என்ர பெரிய மாமா திருக்கடலூரில கரைவலைக்காரர். வள்ளம் வலையை வளைச்சுப்போட்டுத் திரும்பினதும் ரெண்டு பக்கமும் ஆக்கள் கயிறு பிடிச்சு, அம்பாப் பாட்டோட இழுப்பினம். கரையில நிண்டு பாக்கிற சனத்தின்ர கண்ணுக்கு அவைதான் தெரியும். மாமா அதில நிக்கமாட்டார். மீன் சேருற பை, அதுதான் மடி, கரைக்குக் கிட்ட வரேக்க கழுத்தளவு தண்ணியில இறங்கி, வலையின்ர அடிக்கயிற்றைக் காலால மிதிச்சுக்கொண்டே வருவார். அடி கிளம்பினால் மீன் எல்லாம் கீழால போயிடும். அந்தக் கால் தண்ணிக்குள்ள இருந்தது. ஒருத்தரும் கண்டதில்லை.

ஒருநாள் சொறிமுட்டை, அந்த ஜெல்லி மீன், முதுகில பட்டிட்டுது. நெருப்பு! மனிசன் துடிச்சுக் கையை விசுக்கினார். பக்கத்தில நிண்ட பதினெட்டு வயசுப் பொடியன்ர மூக்கில முழங்கை இறங்கிச்சு. தண்ணியெல்லாம் ரத்தம். "போய்க் கரையில இரடா!" எண்டு வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டி கத்தினார். மாமா ஒரு சொல்லும் பேசேல்ல. போய் இருந்தார்.

அம்மா கண்ணால கண்டதைச் சொல்றன், கேளுங்கோ. அங்கால அம்பா பாடப் பாட, இங்கால மாமான்ர ரெண்டு காலும் மணலை மிதிச்சதாம். திருப்பியும் சொல்றன். கயிறு இல்லை, வலை இல்லை, கடலும் இல்லை. காய்ஞ்ச மணலில இருந்த இடத்திலயே மிதிச்சதாம். மடி கரையேறி முடிய, அவர் இருந்த இடத்தில முழங்கால் ஆழத்துக்குக் குழி!

அண்டைக்கு மீன் வந்தது, மறுக்கேல்ல. பின்னேரம் பங்கு பிரிக்கேக்க ஒருத்தர் கேட்டார்: "இவர் இல்லாமலே இழுத்தம், இவருக்கு என்ன பங்கு?" தம்பி, நீங்கள் இண்டைக்குக் கேட்ட கேள்வியை அந்தக் கரை எப்பவோ கேட்டிட்டுது! அடுத்த நாளும் மாமாவை வேண்டாம் எண்டவை. கயிற்றில ஆள் குறையேல்ல. அம்பா குறையேல்ல. மடி வந்தது, அடி கிளம்பிக் கிடந்தது. உள்ளுக்க ரெண்டு கூடை சூடை மீன், அவ்வளவுதான்.

இப்ப பாரிசுக்கு வாங்கோ. ஆகஸ்ட் 6, அரையிறுதி. ரோஹிதாசுக்கு ஒரு மெட்ச் தடை. இந்தியா மேல்முறையீடு செய்தது, எடுபடேல்ல. பத்துப் பேரா நிண்டு பிரிட்டனை வெண்ட அணி, பதினொரு பேரா நிண்டு ஜேர்மனியிட்ட 3-2 எண்டு தோத்தது. ஜேர்மனி அடிச்ச முதல் கோல் எது? 18-ஆவது நிமிஷம், பெனால்டி கோர்னரில கொன்சாலோ பெய்லாட் அடிச்சது. பெனால்டி கோர்னரை மறிக்கிற அந்த இடந்தான் ரோஹிதாசின்ர இடம்!

பெனால்டி கோர்னர் எண்டால் கோல் காப்பாளரோட சேர்த்து மறிக்கிற அணியில அஞ்சு பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால நிக்கலாம். மற்ற ஆக்கள் நடுக்கோட்டுக்குப் போயிடவேணும். பந்து வெளியில வந்ததும் ஒருத்தர் அடிக்கிறவனுக்கு நேரே பாய்ஞ்சு ஓடவேணும். மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல வாற பந்துக்கு முன்னால ஒரு முகமூடியும் முழங்கால் காப்பும்தான். உடம்பைக் குடுத்து மறிக்கிற வேலை. ரோஹிதாஸ் வருஷக்கணக்காச் செய்தது அந்த வேலையை. 2021-இல டோக்கியோவில ஜேர்மனியை 5-4 எண்டு வெண்டு வெண்கலம் எடுத்தவையே, கடைசிச் செக்கன்களில ஜேர்மனிக்குப் பெனால்டி கோர்னர் கிடைச்சது. கோல் காப்பாளர் சிறீஜேஷ் தடுத்ததை உலகமே பாத்தது. முன்னால பாய்ஞ்சு ஓடினவரை எத்தினை பேர் பாத்தனீங்கள்?

அந்தச் சிவப்பு அட்டைக்குக் காரணம், பிரிட்டன் வீரர் வில் கால்னனின்ர முகத்தில ரோஹிதாசின்ர மட்டை பட்டது உண்மை, நான் மறைக்க வரேல்ல. மாமான்ர முழங்கையும் பட்டதுதான். பிழைக்குத் தண்டனை குடுங்கோ. பங்கே இல்லை எண்டு சொல்லாதேங்கோ! ஆகஸ்ட் 8, ஸ்பெயினோட வெண்கல மெட்ச். ரோஹிதாஸ் திரும்பி வந்தார். ஸ்பெயின் அடிச்ச ஒரே கோல் பெனால்டி ஸ்ட்ரோக், கோல் காப்பாளர் தனிய நிண்டு மறிக்கிற அடி. பெனால்டி கோர்னரில ஒண்டுகூட உள்ள போகேல்ல. 2-1, வெண்கலம்!

நடுவர் ஐயா, மணி அடிச்சிட்டீங்கள், தெரியும். ஒரு நிமிஷம் தாங்கோ.

பிரிட்டனோட காலிறுதி நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெட்ச் பாக்கேக்க எல்லாரும் பந்தைப் பாத்தினம். என்ர மனம் வெளியில போனவரோடயே போயிட்டுது. அவற்ற சனம் உள்ளுக்க மூச்சு வாங்க ஓடுது, அவற்ற கால் அந்த நேரம் என்ன செய்திருக்கும்? எனக்கு மாமான்ர குழிதான் கண்ணுக்க வந்தது.

மாமா செத்த அண்டைக்கு அந்தக் கரையில வலை வளைக்கேல்ல. பாடைக்கு முன்னால தோள் குடுத்தவன் ஆர் தெரியுமே? மூக்கு உடைஞ்ச அந்தப் பொடியன். அப்ப அவனுக்கும் தலை நரைச்சிட்டுது, மூக்கு இன்னும் கொஞ்சம் கோணல். வாய்க்கரிசி போட முன்னம் குனிஞ்சு மாமான்ர கால் ரெண்டையும் பிடிச்சுக்கொண்டு அழுதான். உள்ளங்காலில அடிக்கயிறு அறுத்த தழும்பு அப்பிடியே கிடந்தது.

வணக்கம்.