போருக்கு வாங்கிய டிரான்ஸ்மிட்டர்

வணக்கம் நேயர்களே. இருபதாம் நூற்றாண்டுப் போர்களும் வானொலியும் என்று தலைப்புக் கொடுத்துப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்திருக்கும் சில நிமிடத்தில் ஒரு நூற்றாண்டை எங்கே சுருட்டி வைப்பது? அதனால் ஒரே ஒரு டிரான்ஸ்மிட்டரின் கதையைச் சொல்கிறேன்.

இலங்கையில் வானொலி தொடங்கியதே போர் மிச்சத்தில்தான். முதல் உலகப் போரில் பிடிபட்ட ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோக் கருவிகளைக் கொண்டு, கொழும்புத் தந்தி அலுவலகப் பொறியாளர்கள் சின்னதாக ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்தார்கள். எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர்தான் அவர்களுக்குத் தலைவர். ஒரு சின்ன அறையில் இருந்து கிராமபோன் தட்டு போட்டுப் பார்த்தார்கள், கேட்டது. 1925 டிசம்பரில் முறைப்படி நிலையம் வந்துவிட்டது. லண்டனில் பிபிசி பிறந்து மூன்றே வருடம் ஆகியிருந்த சமயம் அது.

அப்புறம் இரண்டாம் போர். ஜப்பானை எதிர்த்த நேச நாட்டுப் படைகளுக்கு மவுண்ட்பேட்டன் தலைமை வகித்த தென்கிழக்கு ஆசியத் தலைமையகம், சுருக்கமாக 'சியாக்', 1944-ல் கண்டிக்கு வந்தது. பர்மாவிலும் இந்தியாவிலும் வீட்டு நினைப்பில் வாடிக்கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பாட்டும் செய்தியும் விளையாட்டு விவரமும் போய்ச் சேர வேண்டும் என்று 'ரேடியோ சியாக்' என்றொரு நிலையம் வைத்தார்கள். அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கல என்ற ஊரில் 100 கிலோவாட் சிற்றலை டிரான்ஸ்மிட்டர் ஒன்றை நிறுவ ஏற்பாடானது. சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் முட்டித் திரும்பி, ஆயிரக்கணக்கான மைல் தாண்டி இறங்கும். படைக்கு ஏற்ற சரக்கு. ஆனால் வேடிக்கை பாருங்கள், ஜப்பான் சரணடைந்தது 1945-ல், இந்த டிரான்ஸ்மிட்டர் முழு வலுவோடு பேச ஆரம்பித்தது 1946-ல். கல்யாணம் முடிந்து பந்தல் போட்ட மாதிரி.

சிப்பாய்கள் கப்பலேறிவிட்டார்கள். 1949-ல் நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது, 1950-ல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியது. ஆசியாவின் பாதியை எட்டக்கூடிய கருவி கையில் இருக்கிறது, அதில் என்னத்தைப் போடுவது என்ற கேள்விக்குப் பதில் டெல்லியில் இருந்து வந்தது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது, செவ்விசையைக் கேட்கட்டும் என்று முடிவு செய்தார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறக்குறைய காணாமல் போனது. அவர் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும், ஆனால் பசித்தவனுக்குப் பிடிக்காத பலகாரத்தைக் காட்டினால் அவன் பக்கத்து வீட்டுக்குத்தானே போவான்? போனார்கள். அந்த வருட டிசம்பரில் இலங்கை வானொலியில் அமீன் சயானி என்ற அறிவிப்பாளரின் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி 'பினாகா கீத்மாலா' தொடங்கியது, பினாகா என்பது அதற்குக் காசு கொடுத்த பற்பசையின் பெயர், புதன்கிழமை ராத்திரி வட இந்தியாவே அதில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. டெல்லி விழித்துக்கொண்டு திரைப்பாடல் போடும் விவித பாரதியை ஆரம்பிக்க 1957 அக்டோபர் ஆகிவிட்டது.

இதில் ஒரு சின்ன விஷயம். சயானி கொழும்பில் உட்கார்ந்து பேசவில்லை, பம்பாயில் பதிவு செய்து டேப்பை விமானத்தில் அனுப்புவார்கள். அந்த டேப்பின் கதையும் போரோடு ஒட்டியதுதான். ஜெர்மனியின் ஏஇஜி நிறுவனம் 1935-லேயே காந்த நாடாக் கருவியைக் காட்சிக்கு வைத்துவிட்டது. போர்க் காலத்தில் நள்ளிரவில் ஜெர்மன் வானொலியில் இசைக்குழு ஒலிக்கும், இசைத்தட்டின் கரகரப்பு துளியும் இருக்காது. இந்நேரத்தில் யாரடா விழித்திருந்து வாசிக்கிறார்கள் என்று எதிரணியினர் குழம்பினார்கள். போர் முடிந்ததும் ஜாக் முல்லின் என்ற அமெரிக்கப் படைப் பொறியாளர் இரண்டு கருவிகளைக் கழற்றிப் பார்சல் பார்சலாக ஊருக்கு அனுப்பினார். 1947-ல் பாடகர் பிங் கிராஸ்பியின் நிகழ்ச்சி அப்படி டேப்பில் ஏறியது. நேரலையில் மெனக்கெட அவருக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான் காரணம். ஆக, ஜெர்மன் கண்டுபிடிப்பில் பதிவான பாட்டு, பிரிட்டிஷ் படைக்கு என்று வாங்கிய டிரான்ஸ்மிட்டர் வழியாக, பற்பசை விளம்பரத்தோடு கான்பூர் டீக்கடையில் கேட்டது.

இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்களில் நமக்கு மயில்வாகனன் இருந்தார், அப்புறம் அப்துல் ஹமீது. தமிழ் நிகழ்ச்சிகளுக்கு வேறு டிரான்ஸ்மிட்டர்களும் இருந்தன, எல்லாவற்றையும் ஏக்கலவின் தலையில் கட்டிவிடக் கூடாது. ஆனாலும் அந்த ஊதாரித்தனமான எட்டும் தூரம், படைக்காரர்கள் பழக்கிவிட்டுப் போனதுதான் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் வீட்டில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது. போட்டால் சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும், அதன் முகப்பில் கண் மாதிரி இருக்கும் பச்சை விளக்கு மெல்லத் திறக்கும். ரேடியோ வைத்திருக்க அப்போது லைசென்ஸ் வேண்டும், அதைத் தபாலாபீசில் கட்ட அப்பா முணுமுணுத்துக்கொண்டே போவார். காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' பாட்டு நிகழ்ச்சி சரியாகக் கேட்க வேண்டும் என்று கொல்லையில் வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் நடுவே ஏரியல் கம்பி கட்டினார். ரேடியோ எப்போதோ பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. கம்பி இன்னும் இருக்கிறது, அதில் அண்ணி துணி காயப்போடுகிறார்.

வணக்கம்.